மரத்துல மீன் செதுக்கி பெயிண்ட் பண்றது: எல்லாரும் கேக்குற கேள்விகள்

எங்க வீட்டு ஹால் சுவத்துல ஒரு வஞ்சிரம் தொங்குது, மரத்துல செஞ்சது. வர்றவங்க முதல்ல "இது நிஜ மீனா?"ன்னு தொட்டுப் பாப்பாங்க, ரெண்டாவது "எவ்ளோக்கு வாங்குனீங்க?", மூணாவது "நானும் செய்யலாமா?". அப்புறம் வீட்டுக்குப் போய் ஆரம்பிச்சுட்டு ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பி "இது ஏன் இப்படி ஆச்சு?"ன்னு கேப்பாங்க. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான், அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டுட்டேன். ஈஸியானது மேல, வில்லங்கமானது கீழ.

அண்ணா எனக்கு தச்சு வேலை சுத்தமா தெரியாது, ஆணி கூட நேரா அடிக்க மாட்டேன், இது எனக்கு வருமா?

வரும். நாற்காலி செய்யணும்னா மூலைமட்டம் பாக்கணும், நாலு காலும் சமமா இருக்கணும். மீன்ல நேர்கோடே கிடையாது, அரை சென்டிமீட்டர் கூடக்குறைய போனாலும் "இது கொஞ்சம் குண்டு மீன்"னு சொல்லிக்கலாம். நானும் ஆசாரி வீட்டுப் பிள்ளை இல்ல, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்குற ஆளுதான்.

வேண்டியது பொறுமை மட்டும்தான். ஞாயித்துக்கிழமை காலைல ஆரம்பிச்சு சாயந்திரம் சுவத்துல மாட்டணும்னு நெனச்சா வேண்டாம். ஒரு முழ நீள மீனுக்கு எனக்கு அஞ்சாறு வாரக் கடைசி ஆகுது, அதுல பாதி நேரம் எதுவாவது காயறதுக்கு காத்திருக்கிறதுதான்.

முதல்ல எந்த மீன் செய்யலாம்? எனக்கு கிளி மீன் ரொம்ப பிடிக்கும்

கிளி மீன் அழகுதான், ஆனா பெரிய பெரிய செதில், ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு கலர், முதல் மீனா எடுத்தா பாதியில விட்டுடுவீங்க. நான் வஞ்சிரத்தைத்தான் சொல்லுவேன். அதோட செதில் ரொம்ப பொடிசு, தூரத்துல இருந்து பாத்தா வழவழன்னு தோல் மாதிரிதான் தெரியும், அதனால செதில் வேலையே இல்ல. உடம்பும் ஒரே ஓட்டத்துல நீளமா போகும்.

வஞ்சிரம் வேண்டாம்னா விரால். அதோட முன்பக்கம் கிட்டத்தட்ட உலக்கை மாதிரி உருண்டை, தலை மட்டும் பாம்பு மாதிரி தட்டை. சங்கரா மூணாவது மீனா வச்சுக்கோங்க. வவ்வால் தட்டையா இருக்கே ஈஸின்னு நெனச்சு நிறைய பேர் ஏமாறுறாங்க, அந்த மெலிசுல வளைவு கொண்டு வர்றதுதான் கஷ்டம்.

என்ன மரம் வாங்கணும்? தேக்கு தானே பெஸ்ட்?

மேல முழுசா பெயிண்ட் அடிக்கப் போற சாமானுக்கு தேக்கு வாங்குறது பட்டுப்புடவைய உள்பாவாடையா கட்டுற மாதிரி. அதுல எண்ணெய்ப் பசை வேற இருக்கும், தின்னர் போட்டுத் துடைக்காம அடிச்சா பெயிண்ட் சரியா பிடிக்காது. உங்களுக்கு வேண்டியது ரேகை (மரத்துல ஓடுற நார் வரி) நெருக்கமா, எடை லேசா, எந்தப் பக்கம் உளி வச்சாலும் சிம்பு பிடுங்காத மரம். அமெரிக்காவுல பாஸ்வுட்னு ஒண்ணுல செதுக்குவாங்க, மலேசியாவுல விளையுற ஜெலுத்தோங் மரமும் இதுக்குப் பேர் போனது. நமக்கு குமிழ் மரம் அருமையா இருக்கும், மலைவேம்பும் ஓகே, மாமரம் கிடைச்சா அதுவும் ஓகே ஆனா காய வைக்கிறதுல கவனம் வேணும்.

பொம்மை செய்யுற ஊர்ல எல்லாம் அவங்க அவங்களுக்குன்னு ஒரு மரம் வச்சிருக்காங்க பாருங்க. கர்நாடகா சென்னபட்டணா பொம்மைக்கு நம்ம வெட்பாலை, ஆந்திரா கொண்டபள்ளி பொம்மைக்கு தெல்ல பொனிக்கின்னு எடையே இல்லாத ஒரு மரம், 2020ல புவிசார் குறியீடு வாங்குன பெரம்பலூர் அரும்பாவூர் சிற்பங்களுக்கு வாகை, மா, வேம்பு எல்லாம். உங்க ஊர் மரம் அறுக்குற மில்லுல போய் "துண்டு மரம் இருக்கா, செதுக்குறதுக்கு"ன்னு கேளுங்க, முழு விலை குடுத்து சட்டம் வாங்க வேண்டாம்.

மரம் காஞ்சிருக்கான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? கடைக்காரர் காஞ்ச மரம்னு தான் சொல்றார்

எல்லா கடைக்காரரும் அப்படித்தான் சொல்லுவார். என் முதல் மீன் மாமரம், பக்கத்துத் தெருவுல வெட்டிப் போட்ட கிளை, ஆசையா தூக்கிட்டு வந்து ரெண்டு வாரத்துல செதுக்கி பெயிண்ட்டும் அடிச்சு டிவி மேல வச்சேன். மே மாசம் ஒரு மத்தியானம் "டக்"னு சத்தம். போய்ப் பாத்தா வாயிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு விரிசல், அஞ்சு ரூபாய் காயின் உள்ள போற அகலத்துக்கு.

பழைய கணக்கு என்னன்னா ஒரு இஞ்ச் தடிமனுக்கு ஒரு வருஷம் நிழல்ல காயணும். அவ்ளோ நாள் யாரு காத்திருக்கிறது, அதனால சமையல் தராசு வச்சு ஒரு வழி இருக்கு. கட்டையை எடை போட்டு அதுமேலயே பென்சில்ல தேதியோட எழுதுங்க, வாரா வாரம் போடுங்க, எடை குறைஞ்சுகிட்டே வந்து ஒரு கட்டத்துல மூணு நாலு வாரம் மாறாம நிக்கும், அப்பதான் எடுக்கணும். பச்சை மரமா கிடைச்சா வந்த அன்னைக்கே ரெண்டு முனையிலயும் மெழுகோ பழைய பெயிண்ட்டோ பூசிடுங்க. முனை வழியாத்தான் ஈரம் வேகமா வெளியே போகும், முனை சுருங்கி நடு சுருங்காம இருக்கும்போதுதான் வெடிக்குது. வெயில்ல போட்டு சீக்கிரம் காய வைக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க.

டூல்ஸ் எவ்ளோ ஆகும்? டிரெமல் மெஷின் (சுத்துற முனையால செதுக்குற சின்ன கை மெஷின்) வாங்கியே ஆகணுமா?

வேண்டாம். ஒரு காப்பிங் சா (வளைவா வெட்டுற மெலிசு ரம்பம்), ஒரு நல்ல கத்தி, ஒரு பட்டை உளி, ஒரு குழி உளி, கொட்டாப்புளி, ஒரு மர அரம், அரை வட்ட அரம், அப்புறம் உப்புத்தாள் 80, 120, 220, 400 நம்பர்ல (நம்பர் கூடக் கூட நைஸ்). இவ்ளோதான். காசை எங்க போடணும்னா உளிய தீட்டுற கல்லுல போடுங்க. மொக்கை உளிதான் வழுக்கி கையில ஏறும், கூரான உளி நீங்க சொன்ன இடத்துல போகும்.

மாஸ்க் போட்டுக்கோங்க, துணி மாஸ்க் இல்ல, என்95. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளை மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்குற பொருள்னே பட்டியல்ல வச்சிருக்கு. வருஷக்கணக்கா தூசில நிக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்னாலும், உப்புத்தாள் போடுற அன்னைக்கு மூக்கு சிந்துனா என்ன வருதுன்னு பாத்தாலே போட்டுக்குவீங்க.

கூகுள்ல படம் எடுத்து வரைஞ்சா போதாதா? ஏன் எல்லார்கிட்டயும் மீன் வாங்குங்க வாங்குங்கன்னு சொல்றீங்க?

போட்டோல பக்கவாட்டு வடிவம் கிடைக்கும். மேல இருந்து பாத்தா எவ்ளோ தடிமன், நடு உடம்பை வெட்டுனா என்ன வடிவம், இது எந்தப் போட்டோலயும் வராது. செதுக்குறதுல பாதி வேலையே அந்தத் தடிமன்தான்.

நான் பண்றது இதான். முழு வஞ்சிரமா ஒண்ணு, ஒன்றரை கிலோ போல, கழுவித் துடைச்சு பேப்பர் மேல படுக்க வச்சு சுத்தி பென்சில்ல வரையணும். ஒவ்வொரு துடுப்பும் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு குறிச்சுக்கணும். அப்புறம் அதே மீனை துண்டு போடும்போது வரிசை கலைக்காம தட்டுல அடுக்கணும், மீன்காரம்மாகிட்ட சொன்னா சிரிச்சுகிட்டே செஞ்சு குடுப்பாங்க. ஒவ்வொரு துண்டையும் எடுத்து, கீழ ஒரு பாலித்தீன் போட்டு, பேப்பர்ல சுத்தி வரைஞ்சு ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் போடுங்க. குடல் எடுத்ததால வயிறு விரிஞ்சு தொங்கும், விரலால சேத்துப் பிடிச்சுட்டு வரைங்க. இப்ப உங்க கையில இருக்கிறது தலையிலிருந்து வால் வரைக்கும் அந்த மீனோட குறுக்குவெட்டு. அட்டையில வெட்டி வச்சுக்கிட்டா செதுக்கும்போது அந்தந்த இடத்துல வச்சு வச்சுப் பாக்கலாம். சைஸ் பெருசுன்னா ஜெராக்ஸ் கடையில அம்பது பர்சன்ட்னு சொன்னா சுருக்கிக் குடுத்துடுவாங்க, எல்லா பேப்பரையும் ஒரே அளவுல சுருக்கணும், அது முக்கியம்.

எங்க அம்மா முதல் தடவை "வரைஞ்சு முடிச்சியா இல்ல மீன் நாறட்டுமா"ன்னு கரண்டியோட நின்னாங்க. வரைஞ்ச அரை மணி நேரத்துல குழம்பு கொதிக்க ஆரம்பிச்சிடுச்சு, அதனால செலவுக் கணக்குல மீனை நான் சேக்கறதே இல்ல.

கட்டையை கையில வச்சுகிட்டு முழிக்கிறேன், எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

பக்கவாட்டு வடிவத்தை கட்டையில ஒட்டுங்க, மரத்தோட ரேகை மூக்குலேருந்து வாலுக்குப் போகணும், குறுக்க போகக் கூடாது. காப்பிங் சாவால வெட்டுங்க. அப்புறம் முதுகு மேல நடுக்கோடு போட்டு அதுக்கு ரெண்டு பக்கமும், துண்டு அட்டைங்களோட அகலத்தை வச்சு, மேல இருந்து பாக்குற வடிவத்தை வரைஞ்சு அதையும் வெட்டுங்க. இப்ப மீன் மாதிரியும் இருக்கும், செங்கல் மாதிரியும் இருக்கும். நாலு விளிம்பையும் சரிவா சீவி எட்டுப் பட்டையாக்கி, அந்தப் பட்டை விளிம்பை மறுபடி சீவுனா உருண்டை தானா வரும். எடுத்த உடனே ரவுண்டாக்கப் போகாதீங்க, ஒரு பக்கம் ஒட்டிப் போய் இன்னொரு பக்கம் புடைச்சு நிக்கும்.

நடுக்கோட்டை கடைசி வரைக்கும் அழிக்காதீங்க. அழிஞ்சா உடனே மறுபடி போடுங்க.

நான் செஞ்சது மீனாத்தான் இருக்கு, ஆனா ஏதோ கொலு பொம்மை மாதிரி இருக்கு, என்ன தப்பு?

கிட்டத்தட்ட எப்பவும் ரெண்டே காரணம். ஒண்ணு, குண்டு. மேல துண்டு வரைஞ்சு அட்டை வெட்டச் சொன்னேன்ல, அதை வச்சுப் பாருங்க, கட்டாயம் கூடுதலா மரம் நிக்கும். மரத்தை எடுத்துட்டா திரும்ப ஒட்ட முடியாதேன்னு பயந்து எல்லாரும் நிறுத்திடுறாங்க. ரெண்டு, தலை. செவுள் மூடிக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு படி இருக்கணும், மூடி மேல, உடம்பு கொஞ்சம் கீழ, ஒரு துணி இன்னொரு துணி மேல கிடக்கிற மாதிரி. நிறைய பேர் அங்க ஒரு பள்ளமான கோடு மட்டும் கீறி விட்டுடுறாங்க.

வஞ்சிரத்துக்கு இன்னொண்ணு, வால் சேர்ற இடம் விரல் மாதிரி உருண்டையா இருக்காது. பக்கத்துக்கு ஒரு மேடு கத்தி விளிம்பு மாதிரி ஓடும், வேகமா நீந்துற மீனோட அடையாளம் அது. அதை விட்டுட்டா வேற ஏதோ மீன் ஆயிடும்.

துடுப்பு உடைஞ்சுகிட்டே இருக்கு, மூணு தடவை பெவிக்கால் போட்டு ஒட்டியாச்சு

உடம்போடவே சேத்து முதுகுத் துடுப்பை செதுக்கியிருப்பீங்க. ரேகை மூக்குலேருந்து வாலுக்கு ஓடுது, துடுப்பு மேல்நோக்கி நிக்குது, அதனால துடுப்புல ரேகை குறுக்க வெட்டுது, பிஸ்கட் மாதிரி உடையும். வாலுக்கு மட்டும் ரேகை நேரா போறதால அதை உடம்போட வச்சுக்கலாம், மத்ததை தனியா செய்யுங்க. மெலிசான பலகையில, ரேகை துடுப்பு முள்ளு போற திசையில இருக்கிற மாதிரி வெட்டி, உடம்புல ஒரு பள்ளம் எடுத்து அரால்டைட் போட்டு சொருகுங்க. நெஞ்சுத் துடுப்பு கொஞ்சம் வளைஞ்சு விலகி நிக்கணும்னா கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து ஒரு பாட்டில் மேல ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி ஒரு ராத்திரி விடுங்க.

வஞ்சிரத்துக்கு முதுகுத் துடுப்புக்குப் பின்னாடி வால் வரைக்கும் குட்டிக் குட்டியா கொடி மாதிரி வரிசையா இருக்கும், மேல எட்டுலேருந்து பத்து, கீழயும் அதே மாதிரி. அதை மரத்துல செய்யப் போனா பைத்தியம் பிடிச்சிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில முக்கோணமா வெட்டி பெவிக்விக் ஊற விட்டா கல்லு மாதிரி ஆகும், அதைச் சொருகிடுங்க.

செதிலை ஒண்ணு ஒண்ணா செதுக்கணுமா? சங்கராவுக்கு எப்படியும் ஆயிரம் இருக்குமே

அதனாலதான் சங்கராவை மூணாவதா வச்சுக்கச் சொன்னேன். செதுக்க வேண்டாம், மூணு வழி இருக்கு. சின்ன இரும்புக் குழாயை நீளவாக்குல பாதியா அறுத்து முனையை தீட்டி, மரத்துல லேசா அழுத்தி அழுத்தி எடுத்தா அரைவட்டம் அரைவட்டமா பதியும். சால்டரிங் அயர்ன் வச்சு சுட்டும் வரையலாம். எதுவா இருந்தாலும் முதல்ல பென்சில்ல குறுக்கும் நெடுக்கும் சாய்வா கோடு போட்டுக்கோங்க, இல்லேன்னா செதில் வரிசை தலையில ஆரம்பிச்சு வால் வர்றதுக்குள்ள எங்கயோ போயிடும். வாலுக்கிட்ட வர வர செதிலும் சிறுசாகணும்.

மூணாவது வழிதான் எனக்குப் பிடிச்சது. வெங்காயம் வர்ற வலைப்பை இருக்குல்ல, அதை இழுத்து உடம்பு மேல கட்டிட்டு அது வழியா ஸ்ப்ரே அடிக்கணும். வலையை எடுத்தா செதில் மாதிரியே தெரியும். சின்ன மீனுக்கு கொசு வலை. கிட்ட வந்து பாக்குறவங்களுக்கு ஏமாத்துன்னு தெரிஞ்சிடும், அவங்களை கிட்ட விடாதீங்க.

கண்ணுக்கு என்ன வைக்கிறது? பொம்மைக் கண்ணு வச்சேன், கார்ட்டூன் மாதிரி ஆயிடுச்சு

உருளுற கருப்பு மணி இருக்கிற கண்ணா? அய்யோ. நகை செய்யுறவங்க வாங்குற, பின்பக்கம் தட்டையா முன்பக்கம் குமிழா இருக்கிற கண்ணாடிக் கல்லு ஃபேன்ஸி மெட்டீரியல் கடையில கிடைக்கும். அதோட தட்டைப் பக்கத்துல முதல்ல கருப்புப் பாப்பா (நடுவுல இருக்கிற கண்மணி), அது காஞ்சதும் சுத்தி தங்கமோ வெள்ளியோ அடிங்க, முன்னாடி இருந்து பாத்தா கண்ணாடிக்குள்ள கண்ணு இருக்கிற மாதிரி இருக்கும். நிறைய மீன்ல பாப்பா முழு வட்டமா இருக்காது, மூக்குப் பக்கம் லேசா கூர்ந்து இருக்கும். அந்தச் சின்னக் கூர்மை போட்டீங்கன்னா மீன் உங்களைப் பாக்க ஆரம்பிக்கும், போடலேன்னா முழிக்கும்.

ரெண்டு கண்ணும் ஒரே உயரத்துல இருக்கான்னு பக்கத்துல இருந்து பாக்காதீங்க, மீனை மூக்கு உங்க பக்கம் இருக்கிற மாதிரி திருப்பிப் பாருங்க.

பெயிண்ட் எந்த வரிசையில அடிக்கணும்? அக்ரிலிக்கா எனாமலா?

புதுசா செய்யுறவங்க அக்ரிலிக். அரை மணில காயும், தப்பானா மேலயே திருத்தலாம். முதல்ல மரத்துக்கு சாண்டிங் சீலர் (மரத்தோட நுண்துளையை அடைக்கிற பூச்சு), 400 தாள்ல ஒரு இழுப்பு, அப்புறம் முழுசா வெள்ளை பிரைமர். வெள்ளை எதுக்குன்னா மேல போடப் போற கலர் எல்லாம் மெலிசு, உள்ள இருந்து வெளிச்சம் திரும்பி வந்தாத்தான் ஈரமான மீன் மாதிரி தெரியும். அதுக்கு மேல பளபளப்பு, அப்புறம் முதுகுக்கு கருநீலம், கடைசியா கோடு, புள்ளி. முதுகு இருட்டா வயிறு வெள்ளையா இருக்கிறது சும்மா அழகுக்கு இல்ல, மேல இருந்து பாக்குற பறவைக்கு ஆழக் கடலோட கலந்து தெரியும், கீழ இருந்து பாக்குற பெரிய மீனுக்கு வெளிச்சத்தோட கலந்து தெரியும். அதனால நடுவுல கோடு கிழிச்ச மாதிரி ரெண்டு கலரும் பிரியவே கூடாது, ஈர ஸ்பாஞ்சால ஒத்தி ஒத்தி கரைக்கணும்.

கலரை நீர்மோர் மாதிரி கரைச்சு நாலஞ்சு கோட்டு அடிங்க, கெட்டித் தயிர் மாதிரி ஒரே கோட்டு வேண்டாம். மார்க்கெட்ல பாத்த கலரை நம்பாதீங்க, செத்த மீன் வெளுத்துப் போயிருக்கும், வடிவத்துக்கு மார்க்கெட், கலருக்கு உயிரோட இருக்கிற மீன் போட்டோ. வஞ்சிரம் செய்யுறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம், குட்டி மீனுக்கு உடம்புல கோடு கம்மி, வளர வளர கோடு கூடும். பெரிய மீனை சின்ன சைஸ்ல செய்யறீங்கன்னா கோடு நிறைய, மெலிசா போடணும்.

சில்வர் அடிச்சா தகர டப்பா மாதிரி இருக்கு

சில்வர் பெயிண்ட்ல இருக்கிறது அலுமினியப் பொடி, தகரம் மாதிரி இல்லாம வேற எப்படி இருக்கும். மீன் மினுமினுக்கிறது தோல்ல இருக்கிற குவானின்ங்கிற படிகத்தால, பாக்குற கோணம் மாற மாற கொஞ்சம் பச்சை, கொஞ்சம் ரோஸ்னு மாறும். ஒரு காலத்துல செயற்கை முத்துக்குப் பூச்சே மீன் செதில்ல இருந்துதான் எடுத்தாங்க. இப்ப அதுக்குப் பதிலா மைக்கா பொடியில செய்யுற பேர்ல் கலர் கிடைக்குது, அதை வாங்கி மேல சொன்ன வெள்ளைக்கு மேல ரெண்டு கோட்டு. சில்வர் வாங்கிட்டீங்கன்னா வீணாக்க வேண்டாம், கேட்டுக்கு அடிங்க.

எல்லாம் முடிச்சு மேல கிளியர் (நிறமில்லாத வார்னிஷ்) அடிச்சேன், பெயிண்ட் அப்படியே சுருங்கி தோல் உரிஞ்ச மாதிரி ஆயிடுச்சு, அழுகையா வருது

எனாமல் மேல என்.சி. லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸ்ல செஞ்ச, தின்னர்ல கரையுற கிளியர்) அடிச்சிருப்பீங்க. அந்த தின்னர் ரொம்ப காட்டமானது, கீழ இருக்கிற எனாமலை ஊற வச்சு கிளப்பிடும். மறுபடி தேய்ச்சு அடிக்கிறதைத் தவிர வழி இல்ல, மன்னிச்சிடுங்க. அக்ரிலிக்கா இருந்தா தண்ணியில கரையுற கிளியரே போடுங்க, அது மஞ்சளாவும் ஆகாது. எண்ணெய் கலந்த பாலியூரித்தேன் ரெண்டு வருஷத்துல வெள்ளை வயித்தை மஞ்சக்காமாலை ஆக்கிடும்.

சுருங்கல, ஆனா வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி இருக்குன்னா அது வேற பிரச்சினை. ஐப்பசி கார்த்திகையில அடிச்சிருப்பீங்க. தின்னர் வேகமா ஆவியாகும்போது மேல்பக்கம் குளிர்ந்து காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சிடுது. வெயில் அடிக்கிற நாள்ல மெலிசா இன்னொரு கோட்டு போட்டா பெரும்பாலும் போயிடும்.

ராமேஸ்வரம் போனப்ப பவளப்பாறை துண்டு பாத்தேன், அது மேல மீனை நிறுத்துனா சூப்பரா இருக்குமே?

வேண்டவே வேண்டாம். பவளப்பாறை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ல முதல் அட்டவணையில இருக்கு, புலி இருக்கிற அதே அட்டவணை. விசிறி மாதிரி இருக்கிற கடல் விசிறி, காஞ்ச கடல்குதிரை இதுக்கும் இதே கதைதான். கரையில ஒதுங்கிக் கிடந்துச்சு, கடையில வித்தாங்கன்னு சொன்னாலும் வச்சிருக்கிறது நீங்கதான்.

ஆத்துல அடிச்சுட்டு வந்த வேர்க்கட்டை போதும். கட்டையில ஒரு ஓட்டை, மீன் வயித்துல ஒரு ஓட்டை, நடுவுல ஒரு பித்தளைக் கம்பி. மீன் தலை கொஞ்சம் மேல தூக்கி, வால் ஒரு பக்கம் திரும்பி இருக்கட்டும், தரைக்கு சமமா நின்னா கருவாடு.

இது வெளிநாட்டுக்காரன் பொழுதுபோக்கு தானே, நம்ம ஊர்ல இதெல்லாம் உண்டா?

அழகுக்குன்னு சுவத்துல மாட்டுறது அங்க இருந்து வந்ததுதான். அமெரிக்காவுல பெரிய ஏரிகள் பக்கம் குளிர்காலத்துல பனியில ஓட்டை போட்டு, வயித்துல ஈயம் ஊத்துன மர மீனை தண்ணிக்குள்ள ஆட்டி, அதைப் பாத்து வர்ற பெரிய மீனை ஈட்டியால குத்துவாங்க. மிச்சிகன்ல காடிலாக்ங்கிற ஊர்ல ஆஸ்கர் பீட்டர்சன்னு ஒருத்தர் (1887–1951) இப்படி மீன் செதுக்கியே வாழ்ந்தார், சில்லறைக் காசுக்கு வித்ததை இப்ப சேகரிக்கிறவங்க அடிச்சுப் பிடிச்சு ஏலம் எடுக்குறாங்க. ஜப்பான்ல ஊஜிங்கிற ஊர்ல மன்புகுஜி கோயில்ல ஆளு நீளத்துக்கு ஒரு மர மீன் தொங்குது, சாப்பாட்டு நேரமானா அதைத் தட்டுவாங்க.

நம்ம பக்கம் மீனை கல்லுல வச்சோம். பாண்டியர் இரட்டை மீன் தெற்க எத்தனை கோயில்ல விதானத்துல இருக்குன்னு அண்ணாந்து பாத்தாத் தெரியும், அவங்க காசுலயும் மீன்தான்.

வாஸ்துப்படி எந்தத் திசையில மாட்டணும்?

நேர் வெயில் படாத சுவர் எதுவோ அந்தத் திசை. வெயில் பட்டா முதல்ல சிவப்பு வெளுக்கும், சங்கராவா இருந்தா ரெண்டு வருஷத்துல மத்தி ஆயிடும்.

மீன் மாட்டி ஆறு மாசம் ஆச்சு, கீழ தினமும் மாவு மாதிரி கொட்டி இருக்கு, பல்லி வேலையா?

பல்லி இல்ல, வண்டு. மரத்துக்குள்ள முட்டை முன்னாடியே இருந்திருக்கு, மாவுச்சத்து இருக்கிற வெளிமரத்தைத் தின்னு துளை போட்டு வெளிய வருது. மா, ரப்பர் மரத்துல இது சகஜம். உடனே மத்த மர சாமான் பக்கத்துல இருந்து தள்ளி வைங்க. ஊசி சிரிஞ்ச்ல கரையான் மருந்து எடுத்து ஒவ்வொரு துளைக்குள்ளயும் விடணும், கையுறை போட்டுகிட்டு, குழந்தைங்க இல்லாத நேரமா பாத்து. ஒரு வாரம் பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சிட்டு எடுத்து கீழ கருப்புப் பேப்பர் விரிச்சு வைங்க, புதுசா மாவு விழுந்தா தெரியும், விழுந்தா மறுபடி மருந்து. நின்னதுக்கு அப்புறம் துளையை எம்-சீல் வச்சு அடைச்சு அந்த இடத்துக்கு மட்டும் கலர் தொட்டா போதும்.

அடுத்த மீனுக்கு, செதுக்கி முடிச்சு பெயிண்ட்டுக்கு முன்னாடியே வெந்நீர்ல போராக்ஸும் போரிக் ஆசிடும் கரைச்சு ஊற வச்சு எடுங்க, ரப்பர் மரத்துக்கு ஃபேக்டரியிலயே இப்படித்தான் பண்றாங்க. ஊற வச்சா மரம் மறுபடி ஈரமாயிடும், அதனால தராசை மறுபடி வெளிய எடுக்கணும்.